கோல் அடிக்காத என் மகன்

என் மகன் திருகோணமலை நகரத்துக் கல்லூரி ஒன்றுக்காக மூன்று வருடம் பந்து விளையாடினான். மூன்று வருடத்திலும் ஒரு கோல் அடிக்கவில்லை. எங்கள் ஊர் சல்லியில் யாரைக் கேட்டாலும் இது தெரியும், ஏனென்றால் நானே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நிற்கிற இடத்திலும் சொல்லியிருக்கிறேன். இப்போது பேத்தி கொப்பியும் பேனையுமாக வந்து இருக்கிறாள். எனக்கு என் பேரைக்கூட எழுத வராது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். "பந்தைப் பற்றி மட்டும் சொல்லுங்கோ, கருவாட்டைப் பற்றி வேண்டாம்" என்று முதலே கட்டளை போட்டுவிட்டாள். கருவாடு இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அது வருகிற இடத்தில் வரும்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைக்காரர் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறி ஏழெட்டு வருடம். என் வீட்டுக்காரருக்குக் கரைவலையில் கயிறு இழுக்கிற வேலை. நான் கருவாடு போட்டு நகரத்துச் சந்தைக்குக் கொடுப்பேன். மூத்தவன்தான் இந்தப் பந்துக்காரன். பதினேழு வயதில் குசினிக்குள் குனிந்துதான் வருவான். ஒரு நீற்றுப்பெட்டி நிறைய அவித்த பிட்டு அவன் ஒருவனுக்கே போய்விடும். "இவனுக்குச் சோறு போடுறதுக்கு ரெண்டு மாட்டை வளர்க்கலாம்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லுவா. பொறாமை. அவவின் பிள்ளைகள் எல்லாம் தென்னோலை ஈர்க்கு மாதிரி.

கரைவலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வலையை வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குள் வளைத்துப் போடுவார்கள். அதன் கயிற்றில் ஒரு தலை கரையில் இந்தப் பக்கம், மற்றத் தலை வெகு தூரம் தள்ளி அந்தப் பக்கம். இரண்டு பக்கமும் ஆட்கள் இடுப்பில் பட்டியைக் கட்டி, அதைக் கயிற்றில் கொழுவி, கடலைப் பார்த்தபடி பின்னுக்கு நடந்து நடந்து இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வரும். நடுவில் இருக்கிறது மடி, மீன் சேருகிற பை. வலைக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்போம். அவர் கரையில் நின்று சத்தம் போடுவார். கயிற்றில் கை வைத்த எவனையும் பங்கு கொடுக்காமல் அனுப்பக்கூடாது. எங்கள் கடற்கரையில் அதுதான் சட்டம்.

ஒரு சனிக்கிழமை காலையில் விளையாட்டு மாஸ்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர். மணலில் சைக்கிளை உருட்டத் தெரியாமல் தூக்கிக்கொண்டே வந்தார்.

"தம்பியின்ர தாய் நீங்களோ?"

"ஓம் சேர். என்ன செய்து போட்டான்?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் முறைப்பாடு. ரெண்டு கிழமையாப் பயிற்சிக்கு ஆளைக் காணேல்லை."

"வலை நடக்குது சேர். அவன் பந்துக்கு வந்தா இஞ்ச கயிற்றை ஆர் இழுக்கிறது?"

அவர் கடற்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே என் மகன் குதிக்காலை மணலில் புதைத்து, முதுகைச் சாய்த்து, ஒரு அடி, இன்னொரு அடி என்று பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தான். கயிறு கம்பி மாதிரி விறைத்து நின்றது. மாஸ்டர் நகைக்கடை வாசலில் நிற்கிற பெண் மாதிரி வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"அம்மா, எங்கட முன்வரிசையில அஞ்சு பேர். தம்பியை விட்டா மற்ற நாலும் கோழிக்குஞ்சு. மற்றக் கல்லூரிக்காரன் தோளால ஒரு இடி இடிச்சா, நாலும் நாலு பக்கம் விழுகுது. நான் இளம் வயதில கப்பல்காரரோட விளையாடினனான். அவங்கள் இடிச்ச இடி இண்டைக்கும் மாரி வந்தா நோகும். கையால தொடக் கூடாது, தோளால இடிக்கலாம். அதுக்குக் கால் வேணும். இந்தக் கால் வேணும்." என் மகனின் காலைக் காட்டினார். "நாளைக்கு மற்ற நாலு பேரையும் இஞ்ச கொண்டு வாறன். கயிற்றில விடுவீங்களோ?"

நான் விட்டால் போதுமா? சம்மாட்டியிடம் போனோம். அங்கே பெரிய சண்டை. இழுக்கிற ஆண்கள் எல்லோரும் ஒரே குரலில் மாட்டோம் என்றார்கள்.

"இவன் எங்கட பொடியன், இவனுக்கு ஏற்கெனவே பங்கு இருக்கு. மற்ற நாலு பேருக்கும் நாலு பங்கு ஆர்ர சட்டியில இருந்து எடுக்கிறது?"

"பங்கு வேண்டாம், சும்மா இழுத்திட்டுப் போறம்" என்றார் மாஸ்டர், பாவம்.

சம்மாட்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். "கை வைச்சவனைச் சும்மா அனுப்பிறதோ? நாங்கள் என்ன கள்ளரோ?"

மாஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இழுக்கிறவர்களுக்கோ பங்கு கொடுக்கவும் மனமில்லை, கொடுக்காமல் விடவும் முடியாது. அப்போதுதான் நான் சொன்னேன்: "அந்த நாலு பங்கையும் என்ர சட்டியில போடுங்கோ. நான் கடற்கரையிலேயே காய்ச்சிறன். இழுத்த எல்லாரும் இருந்து சாப்பிடட்டும்." பங்கு கொடுத்ததாகவும் ஆயிற்று, அவரவர் வயிற்றுக்கே திரும்பி வந்ததாகவும் ஆயிற்று. சம்மாட்டி தலையாட்டினார். என் வீட்டுக்காரர் மட்டும், "உனக்கு வாய் கூடிப் போச்சு" என்று முணுமுணுத்தார்.

அடுத்த நாள் மற்ற நாலு பேரும் வந்தார்கள். முன்வரிசைக்கு நடுவில் விளையாடுகிறவன் கிண்ணியாப் பொடியன், முஸ்லிம் பிள்ளை. நகரத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்தான். என் மகனின் நெஞ்சுக்குத்தான் வருவான், ஆனால் ஓடினால் கால் தெரியாது. வந்ததும் என் சட்டிக்குள்தான் எட்டிப் பார்த்தான்.

"மாமி, இதுக்குள்ள மீன் மட்டும்தானே?"

"கடற்கரையில நிண்டுகொண்டு வேற என்னத்தை ராசா போடுறது?"

"அப்ப சரி மாமி. கொஞ்சம் கூடவே வைங்க."

அன்றைக்கு ஐந்து பேரையும் வலப்பக்கக் கயிற்றில் விட்டார்கள். நடந்தது இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு. அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. தூரத்தில் இடப்பக்கக் கூட்டத்தின் சத்தம் கேட்டிருக்கிறது. இந்தப் பிள்ளைகள் அதைப் போட்டி என்று எடுத்துக்கொண்டார்கள். கல்லூரியில் விளையாட்டு விழாவில் கயிறிழுத்துப் பழகியவர்கள்தானே. கிண்ணியாப் பொடியன் "இழுங்கடா, அவங்கள விடாதீங்கடா!" என்று கத்தினான். ஐவரும் மாடு மிரண்டது மாதிரி பின்னுக்கு ஓடினார்கள். என் மகனுக்குத் தெரியாதா? தெரியும். கூட்டாளிகளைக் கண்ட சந்தோசத்தில் அவனும் ஓடினான்.

சம்மாட்டி தொப்பியைக் கழற்றி வீசினார். "மெல்லமா! மெல்லமா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஒரு பக்கம் முந்தி வந்தால் மடி சரிந்துவிடும். சரிந்த பக்கத்தால் மீன் போய்விடும். அப்படியே போனது. கடல் ஒருக்கால் வெள்ளி மாதிரி மின்னியது, பிறகு வெறும் தண்ணீர். மடி கரைக்கு வந்தபோது உள்ளே நாலு நண்டும் தொட்டால் அரிக்கிற கொஞ்சம் சொறிமீனும்தான். கிண்ணியாப் பொடியனுக்கு அது தெரியவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "நாங்கதான் முதல்!" என்றான்.

"ஓம் ராசா," என்றார் சம்மாட்டி. "நீங்கள் முதல். மீன் உங்களுக்கும் முதல் போயிட்டுது."

அன்றைக்கு இழுத்தவர்கள் வீட்டில் மீன்குழம்பு இல்லை. என் சட்டியில் வெறும் தேங்காய்ப்பால் சொதி. ஐந்து பேரும் தலையைத் தூக்காமல் இருந்து அதைக் குடித்தார்கள்.

இரவு சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். "இனிப் பந்தும் இல்லை, கிந்தும் இல்லை. ஊர்ச் சனத்துக்கு முன்னால முகம் குடுக்க ஏலாமக் கிடக்கு." மகன் எதிர்த்துப் பேசுகிற பிள்ளையாக இருந்தால் நான் பயப்படமாட்டேன். அவன் பந்துக்குப் போடுகிற சப்பாத்தை எடுத்துத் துடைத்துக் கூரைக் கம்பில் மாட்டினான். அது கப்பல்காரர் விட்டுப்போன பழைய சப்பாத்து, சந்தையில் ஒருவனிடம் கருவாட்டுக்கு மாற்றி நான் வாங்கியது. முன்னுக்குப் பழந்துணி அடைத்துப் போடுவான். 

விடிய எழும்பிச் சம்மாட்டி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவரோ, "அவங்களை வரவேண்டாமெண்டு நான் எப்ப சொன்னனான்?" என்று என்னைத் திட்டினார். "போன மீனை இழுத்துத் தந்திட்டுப் போகச் சொல்லு. அதுக்குப் பிறகு பந்து விளையாடட்டும், பட்டம் விடட்டும்." சம்மாட்டி சொன்ன பிறகு என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கிழமை சம்மாட்டி ஐவரையும் பிரித்தார். கிண்ணியாப் பொடியனும் இன்னும் இருவரும் இடப்பக்கம், என் மகனும் ஒருவனும் வலப்பக்கம். நடுவில் நீளமாக மணல். "கயிற்றைப் பாக்கவேண்டாம், கடலைப் பாக்கவேண்டாம். அங்கால நிக்கிறவனைப் பாருங்கோ. அவன் ஒரு அடி வைச்சா நீ ஒரு அடி." அவ்வளவுதான் சொன்னார். மாஸ்டர் சைக்கிளில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையில் இருந்து கடதாசி எடுத்து எழுதினார். சம்மாட்டி சொன்னதை எழுதினாரா, என் சொதிக்கு என்ன போட்டேன் என்று எழுதினாரா, எனக்கு எப்படித் தெரியும்?

மடி நேராக வந்தது. நிறைந்து வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சோளகக் காற்று வீசுகிற காலம் முழுக்கச் சனி ஞாயிறு இரண்டு நாளும் வந்தார்கள். கோழிக்குஞ்சுகளுக்குத் தொடை வைத்தது, கழுத்து வைத்தது. என் சோற்றுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது என்று நான் சொன்னால் பேத்தி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

இனிக் கருவாடு. ஒரு பின்னேரம் நான் பாயில் கீரிமீன் காயவைத்துக் காகத்துக்குக் கம்போடு இருந்தேன். மகன் வந்து பக்கத்தில் குந்தினான்.

"அம்மா, இஞ்ச பாருங்கோ." ஐந்து மீனை எடுத்து வரிசையாக வைத்தான். "இது நாங்கள். முந்தி என்ன செய்தனாங்கள்? பந்து ஆரிட்ட கிடைச்சுதோ அவன் தனிய ஓடுவான். இப்ப ரெண்டு ஓரத்திலயும் நிக்கிறவங்கள் அகலமாப் போவாங்கள். பேந்து எல்லாரும் ஒண்டா உள்ளுக்கு வருவம், வலை மாதிரி. நடுவில இவன். இவனை மறிக்க வாறவனை நான் தோளில வாங்குவன்."

"அப்ப நீ எப்ப கோல் அடிக்கிறது?"

"நான் அடிக்கிறதில்லை அம்மா. இவன்தான் அடிக்கிறது."

"ஏன், உனக்குக் கால் இல்லையோ? நான் வைச்ச சோறெல்லாம் அவனை முன்னுக்கு விடத்தானோ?"

அவன் பதில் சொல்வதற்குள் ஒரு காகம் இறங்கி நடுவில் இருந்த மீனைத் தூக்கிக்கொண்டு பறந்தது. "உங்கட சென்ரரைக் காகம் கொண்டு போட்டுது" என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு உள்ளுக்குக் கோபம்தான். பிள்ளையை இந்த உயரத்துக்கு வளர்த்து, அடுத்தவன் கோல் அடிக்க வழி விடுவதற்கா?

மற்றக் கல்லூரியோடு ஆட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் என்று வந்தது. வராதவனுக்கு இனி வரிசையில் இடம் இல்லை என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அதே காலையில் கீரிமீன் கூட்டம் கரைக்கு ஏறியது. தண்ணீர் கறுத்துப் போய்க் கிடந்தது. மத்தியானத்துக்குப் பிறகு இன்னொரு தரம் வலை வளைக்க வேண்டும் என்று சம்மாட்டி சொல்லிவிட்டார். காய்ச்சலில் இரண்டு மூன்று பேர் படுத்திருந்தார்கள், ஆள் குறைவு. இப்படிப்பட்ட நாளில் கயிற்றை விட்டுப் போகிறவனுக்கு அந்தக் காலம் முடியும்வரை திரும்பக் கயிறு கிடையாது. அது எல்லோருக்கும் பொதுவான சட்டம்.

"போக ஏலாது" என்றார் என் வீட்டுக்காரர்.

மகன் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். என்னைப் பார்க்கவில்லை, தகப்பனைப் பார்க்கவில்லை. அவன் திரும்பவும் அதைக் கூரைக் கம்பில் மாட்டக் கையைத் தூக்கினான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, அவன் இடுப்புப் பட்டியை எடுத்து என் இடுப்பில் கட்டினேன்.

"இஞ்சாருங்கோ, இவன்ர இடத்தில நான் இழுக்கிறன். நீ போடா."

"விசரோ உனக்கு? சனம் சிரிக்கும்!"

"சிரிச்சா சிரிக்கட்டும். கயிற்றில ஒரு ஆள் குறையக் கூடாது, அவ்வளவுதானே?"

சனம் சிரித்தது. சல்லியில் அதுவரை ஒரு பெண்ணும் கரைவலைக் கயிற்றைப் பிடித்ததில்லை. "அக்கா, மடிக்குள்ள நீங்கள் விழுந்தா எங்களால இழுக்க ஏலாது" என்றான் ஒருவன். "நீ விழுந்தா கரைக்கே எடுக்கமாட்டம், திரும்பக் கடலிலதான்" என்றேன் நான். எல்லோரும் சம்மாட்டியைப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார்.

"பொம்பிளை வலையைத் தாண்டக் கூடாது எண்டுதான் எங்கட ஆக்கள் சொன்னவை. இழுக்கக் கூடாதெண்டு ஆரும் சொன்னதா எனக்கு ஞாபகமில்லை. தாண்டாம இழு, பிள்ளை."

அதற்குள் என் மகன் சைக்கிளில் பாதி வழி போயிருப்பான்.

இழுக்கிற வேலை எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினெட்டு வருடம் இந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறேன், அவர் இடுப்பில் ஏன் அந்தத் தழும்பு என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. மணல் காலை விழுங்கும். கயிறு ஒரு பக்கம் கடலுக்கு இழுக்கும், நாங்கள் ஒரு பக்கம் இழுக்க வேண்டும். எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர்.  நான் அங்கால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தேன். அவர்கள் ஒரு அடி, நான் ஒரு அடி. நடுவில் ஒரு தரம் கால் வழுக்கியபோது அவர் திரும்பாமலே இன்னும் சாய்ந்து என் பாரத்தையும் தன் மேல் எடுத்துக்கொண்டார். கயிற்றில் அது தெரிந்தது. இடுப்பில் தெரிந்தது. மகன் மீனை வரிசையாக வைத்துச் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த இடத்தில் நின்றுகொண்டு நான் தனியே சிரித்தேன். பக்கத்தில் இழுத்தவன் பயந்து போனான்.

மடி நிறைந்து வந்தது. எனக்கும் ஒரு பங்கு வைத்தார்கள். அதை வைத்தவர் சம்மாட்டி, தன் கையால்.

பொழுதுபடுகிற நேரம் ஐந்து சைக்கிள் மணியடித்துக்கொண்டு வந்தது. மகனின் சட்டை தோளில் கிழிந்திருந்தது. ஒரு கண் வீங்கியிருந்தது.

"வெண்டிட்டம் அம்மா. ஒண்டுக்குச் சைபர்."

"கோல் ஆர்?"

"இவன்."

கிண்ணியாப் பொடியன் முன்னுக்கு வந்தான். "மாமி, நான் அடிச்சதெண்டு சொல்லாதீங்க. அவங்கட பெரிய ஆள் ஒருத்தன், கதவு மாதிரி. உங்கட மகன் அவன வாங்கிக்கிட்டு அப்படியே நிண்டான் மாமி. எனக்கு முன்னால வெறும் வெளி. கண்ண மூடிக்கிட்டு அடிச்சாலும் போகும்." சொல்லிவிட்டு, "சட்டியில என்ன இருக்கு?" என்று கேட்டான்.

என் வீட்டுக்காரர் மகனின் கிழிந்த தோளைக் கையால் தொட்டுப் பார்த்தார். அங்கே தோல் உரிந்து சிவந்திருந்தது. பிறகு என் இடுப்பைப் பார்த்தார். அங்கேயும் சேலையில் பட்டி அறுத்த இடம் தெரிந்தது. "தாயும் மகனும் ஒரே மாதிரித்தான்" என்றார். ஏச்சா புகழ்ச்சியா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு கல்லூரியோடு ஆட்டம். இந்த முறை என் வீட்டுக்காரரை யாரும் கேட்கவில்லை. நிலாவெளியில் இருக்கிற தன் தம்பிமாரில் இருவரை அவரே போய்க் கூட்டிவந்து, கயிற்றில் தன் இடத்திலும் மகனின் இடத்திலும் விட்டார். வெள்ளைச் சட்டை போட்டார். "நீயும் வா" என்றார். கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒன்றாக நகரத்துக்குப் போனது அன்றைக்குத்தான். சந்தைக்கு நான் தனியே போவேன், அது வேறு.

மைதானத்தில் சனமோ சனம். நான் முன்னுக்கு நெருக்கிப் போய் நின்றேன். என் மகன் அந்த வரிசையில் இரண்டாவதாக நின்றான், மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக. ஆட்டம் தொடங்கியது. ஒருவன் வந்து இடித்தான், அவன் அசையவில்லை. இன்னொருவன் வந்தான், அவனையும் வாங்கினான். அங்கால் நிற்கிறவனைப் பார்த்தான், ஒரு அடி உள்ளுக்கு வந்தான். "அப்பிடித்தான் ராசா, மெல்லமா!" என்று நான் கத்தினேன். பக்கத்தில் நின்ற ஒரு துரை மாதிரி மனிதர், "அம்மா, பந்து அங்கால போயிட்டுது" என்றார். "போகட்டும்" என்றேன்.

முடிந்து பஸ் நிலையத்துக்கு நடந்து வருகிற வழியில் என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். 

"கடைசியில எத்தினை கோல்? பாத்தனியே?"

"இல்லை. நீங்கள் பாக்கேல்லையோ?"

"நான் இவனையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனான்."

நானும்தான். சைக்கிளில் போன ஒருவனை மறித்து, ஆர் வென்றது என்று கேட்டோம்.